எண்பது இடது முன்பக்கம்

உடம்புக்கு அளவு எடுக்கும்போது மனிதர்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். துணி வெட்டும் மாஸ்டருக்கு இது முப்பத்தொரு வருடப் பாடம். இடுப்பைச் சுற்றி டேப் போன மறுகணமே எதிரில் நிற்பவர் மூச்சைப் பிடித்து, தோளை நிமிர்த்தி, பத்து வருடத்துக்கு முந்தைய ஆளாக மாறிவிடுவார். அந்த அளவுக்கு வெட்டினால் சட்டை அடுத்த வாரமே திரும்பி வரும். அதனால் மாஸ்டர் டேப்பை இறுக்கமாட்டார். அப்படியே தளர்வாகப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பார்.

"வர்ற வழியில பஸ்ஸுல உக்கார இடம் கிடைச்சுதா?"

ஆள் பதில் சொல்ல வாயைத் திறப்பார். மூச்சு வெளியே வரும், வயிறு தன் பழைய இடத்துக்கு வந்து சேரும். அந்த நொடியில் எண்ணைப் பார்த்து, முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், அளவு நோட்டில் எழுதிவிடுவார். முப்பத்தெட்டே முக்கால் என்றால் முப்பத்தெட்டே முக்கால்தான். "முப்பத்தாறு தானே மாஸ்டர்?" என்று கேட்பவரிடம், "அதேதான் சார்" என்று வாய்கூசாமல் சொல்லுவார். வாய் வாடிக்கையாளரின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ளும். நோட்டு அவருக்குச் சட்டை பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளும். அவரவர் வேலை அவரவருக்கு.

அவர் வேலை பார்ப்பது சீருடை தைக்கும் பட்டறை. பஸ் டிப்போவின் பின்சுவரை ஒட்டிய கட்டடத்தில் தரைத்தளம். பன்னிரண்டு தையல் மிஷின், ஒரு காஜா மிஷின், தேய்ப்பு மேசை, ஜன்னலோரம் இருபத்தைந்தடி நீளத்துக்கு வெட்டும் மேசை. அந்த மேசை மாஸ்டருடையது. அதன்மேல் வேறு யாரும் டீ டம்ளர்கூட வைக்கமாட்டார்கள். துணியை நாற்பது அடுக்கு விரித்து, வடிவம் வெட்டிய அட்டையை வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டு, நிற்கும் கத்தி வைத்த கட்டிங் மிஷினை அந்தக் கோட்டில் ஓட்டுவார். வெண்ணெயில் ஓட்டுவதுபோல் ஓடும். முதலாளியம்மா இரண்டு மிஷினோடு தொடங்கிய நாளிலிருந்து கத்தி அவர் கையில்தான். "மாஸ்டர் கோடு போட்டா அதுல ரயிலே ஓட்டலாம்" என்று அந்த அம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். பட்டறையில் அவரை எல்லோரும் மேடம் என்பார்கள்.

முப்பது வருடம் நின்ற கால்களுக்கும் முதுகுக்கும் ஒருநாள் கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. இடுப்பெலும்புக்கு மேலே ஒரு முதுகெலும்புத் தட்டு விலகி நரம்பை அழுத்தியது. அறுவை சிகிச்சை நடந்தது. "நல்லபடியா முடிஞ்சுது" என்றார் அறுத்தவர். நல்லபடியாக முடிந்ததைப் பற்றி வலிக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்புறமாக இறங்கி, கணுக்காலில் போய் உட்கார்ந்துகொண்டு, சுடுகம்பியால் வீணை வாசித்துக்கொண்டிருந்தது. ஒரு வருடம் சாதாரண மாத்திரைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். வயிறு புண்ணானதுதான் மிச்சம். கடைசியில் வலிக்கென்றே தனியாக இருக்கும் கிளினிக்குக்கு அனுப்பினார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வேகமான பேச்சு. அறைக்கு வெளியே எப்போதும் இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர் எழுதிக்கொடுத்தது கடும் வலியைத் தணிக்கும் ஓபியாய்டு வகை மாத்திரை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மருந்துக்கடைக்காரர் தனிப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தந்தார். பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. தூக்கம் வரலாம், இயந்திரங்களை இயக்க வேண்டாம் என்று. மாஸ்டர் அதைப் படித்தார். பிறகு பெட்டியைத் திருப்பி, அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி அலமாரியில் வைத்தார்.

முதல் வாரம் அதிசயமாக இருந்தது. வலி போய்விடவில்லை. பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது. சுவருக்கு அந்தப்பக்கம் அது கத்துவது கேட்கும், ஆனால் இவர் பாயில் வந்து படுக்கவில்லை. நான்கு மணிநேரம் சேர்ந்தாற்போல் நின்று கோடு போட்டார். வீட்டுக்கு வரும் வழியில் மனைவிக்கு ஒரு ஜோடிச் செருப்பு வாங்கிக்கொண்டு வந்தார்.

"என்ன விசேஷம்?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல. கடைவரைக்கும் நடக்க முடிஞ்சுது. சும்மா திரும்பி வர மனசில்ல."

அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். வருகைப் பதிவேடுகளோடு வாழ்க்கை நடத்துகிறவள். யார் வரவில்லை என்பதை முதலில் கவனிக்கும் கண் அவளுக்கு. செருப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அளவு சரியா இருக்கு" என்றாள். அதைவிடப் பெரிய பாராட்டை மாஸ்டர் யாரிடமும் எதிர்பார்த்ததில்லை.

இரண்டாவது வாரத்திலிருந்து மாத்திரை தன் மற்ற குணங்களைக் காட்டத் தொடங்கியது. காலையில் எழுந்ததும் குமட்டல். நாக்கு காய்ந்த துணிபோல் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். முன்கையில் காரணமில்லாத அரிப்பு. வயிறு வேலைநிறுத்தமே அறிவித்துவிட்டது. மூன்று நாள், நான்கு நாள், ஒருமுறை ஆறு நாள். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே உள்ளே இடமில்லை என்று பதில் வரும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மதியத்துக்கு மேல் ஒரு மூட்டம் வந்து கவியும். தூக்கம் என்று சொல்லமுடியாது. கண் திறந்திருக்கும், கை வேலை செய்துகொண்டிருக்கும், செய்கிற ஆள் மட்டும் அரை அடி பின்னால் நிற்பார்.

மாஸ்டருக்கு ஒன்றை அளக்காமல் விடமுடியாது. பழைய அளவு நோட்டு ஒன்றில் பாதிப் பக்கங்கள் மிச்சமிருந்தன. அதை வீட்டுக்கு எடுத்துவந்தார். அச்சடித்த கட்டங்கள்: உயரம், தோள், மார்பு, இடுப்பு, கை. உயரத்தின் கீழே வலியை எழுதினார், பத்துக்கு இத்தனை என்று. மாத்திரைக்கு முந்தைய வலியையும் கடந்துபோன நாட்களையும் நினைவிலிருந்து முதல் வரிகளில் போட்டார். தோளின் கீழே மூட்டம், அதுவும் பத்துக்கு. மார்பில் குமட்டல். இடுப்பில் வயிறு போய் எத்தனை நாள். கையில் அரிப்பு. அரையும் காலும் முக்காலும் போட்டு ஒவ்வொரு நாளும் எழுதினார். யாருக்குக் காட்டவும் அல்ல. எழுதாவிட்டால் கை அரித்தது, அந்த அரிப்பு வேறு.

டாக்டரம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை.

"எப்படி இருக்கு? மாத்திரை ஒத்துக்குது இல்ல?" என்று கணினியைப் பார்த்தபடி கேட்பார் அவர்.

"ஒத்துக்குது டாக்டர்."

"வேற தொந்தரவு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல டாக்டர். வலிதான் இன்னும் கொஞ்சம் இருக்கு."

அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லுக்காக இரண்டாவது மாதம் மாத்திரையின் அளவு இரட்டிப்பானது.

அவர் ஏன் மறைத்தார் என்றால், பயம். தொந்தரவு என்று ஒரு வார்த்தை சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் நிற்கமுடியாது. நிற்கமுடியாவிட்டால் மேசை இல்லை. மூட்டம் என்று சொன்னாலோ, மிஷினைத் தொடக்கூடாது என்று எழுதியே கொடுத்துவிடுவார்கள். அப்போதும் மேசை இல்லை. எந்தப் பக்கம் கோடு இழுத்தாலும் அது மேசையின் விளிம்பில்தான் போய் முடிந்தது. அதனால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, தோளை நிமிர்த்திக்கொண்டு, "ஒத்துக்குது டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

இதற்கு நடுவில் மைத்துனன் வேறு. மனைவியின் தம்பி, இன்சூரன்ஸ் ஏஜென்ட். எந்த நோய் யாருக்கு எப்போது வரும் என்பதில் தொழில்முறை அக்கறை உள்ளவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன் அலமாரியில் பெட்டியைப் பார்த்துவிட்டு, சுவர்ப்பக்கம் இருந்த வரியைத் திருப்பிப் படித்தான்.

"மாமா, இது என்னன்னு தெரிஞ்சுதான் போடுறீங்களா? இது அபின் சாதி."

"சாதி பாத்து மாத்திரை போடுற வயசா மாப்ள எனக்கு?"

"சிரிக்காதீங்க. இதுல மாட்டுனவன் மீண்டதில்ல. என் கஸ்டமர் ஒருத்தரு..."

"உன் கஸ்டமர் எல்லாரும் செத்துத்தான்டா போறாங்க உன் கதையில" என்றாள் அவன் அக்கா சமையலறையிலிருந்து. "பிரீமியம் கட்டாதவங்க இன்னும் சீக்கிரமா."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் 'மாட்டுனவன்' என்ற சொல் மாஸ்டரின் காதுக்குள் ஒரு ஊசிபோல் தங்கிவிட்டது. அதன் பிறகு மாத்திரையை விழுங்கும்போதெல்லாம் யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அளவு இரட்டித்து ஏழாவது வாரம், அந்த ஆர்டர் வந்தது. ஒரு ஆஸ்பத்திரியின் வார்டு ஊழியர்களுக்கு நாற்பது கோட்டு. கருநீலத் துணி. ஒரு பக்கம் சாய்கோடு தெரியும் முகம், மறுபக்கம் மங்கலான உள்பக்கம். வழக்கமாகத் துணியை முகத்தோடு முகம் பார்க்கும்படி மடித்து மடித்து விரிப்பார்கள். அப்போது ஒரே அட்டையை வைத்து வெட்டினாலே ஒன்று இடது, ஒன்று வலது என்று ஜோடியாக விழும். இந்தத் துணியில் அங்கங்கே நூல் குறை இருந்ததால், குறை தெரியும்படி எல்லா அடுக்கையும் முகம் மேலே பார்க்க விரிக்கச் சொல்லியிருந்தார் மேடம். அப்படி விரித்தால் முன்பக்க அட்டையை ஒருமுறை நேராக வைக்கவேண்டும், இன்னொருமுறை கவிழ்த்து வைக்கவேண்டும். தொழிலுக்கு வந்த முதல் மாதமே கற்றுக்கொள்ளும் விஷயம்.

காலையில் முதுகும் கையும் வெட்டினார். சரியாக இருந்தது. மதியச் சாப்பாடு என்று பேருக்கு எதையோ கொறித்துவிட்டு வந்து முன்பக்கத்துக்குக் கோடு போட்டார். அட்டையை வைத்தார், கோடு போட்டார். அட்டையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தார், கோடு போட்டார். மிஷினை ஓட்டினார். கோட்டைவிட்டு ஒரு நூல் விலகவில்லை.

மறுநாள் காலை பதினொரு மணிக்குக் காஜா மிஷின் நின்றது. அதில் உட்காருகிறவரை எல்லோரும் காஜாக்கா என்பார்கள். இருபது வருடமாகப் பட்டன் ஓட்டை போட்டுப் போட்டு, பெற்றோர் வைத்த பேரை அவரே மறந்திருப்பார். கோட்டில் இடது முன்பக்கத்துக்குத்தான் காஜா, வலதுக்குப் பட்டன். அவர் இரண்டு கையிலும் ஒரு கட்டு முன்பக்கங்களைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"மாஸ்டர், எண்பதுக்கும் காஜா போடணுமா?"

"எண்பது எதுக்கு? நாப்பதுக்குப் போடு."

"எண்பதும் இடதாத்தானே இருக்கு. பட்டனை எங்க தைக்கிறது, பக்கத்துல நிக்கிற ஆள் மேலயா? ரெண்டு ரெண்டு பேரா கோத்துக்கிட்டு வார்டுக்குப் போவாங்களா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் ஒரு துண்டை வாங்கி முகத்தைப் பார்த்தார். இன்னொன்றை வாங்கிப் பார்த்தார். கட்டின் அடியிலிருந்து ஒன்றை உருவிப் பார்த்தார். சிரிப்பு தானாக அடங்கியது. மாஸ்டரின் காதுமடல்கள் சிவந்திருந்ததைக் காஜாக்கா பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"என்ன மாஸ்டர், உடம்பு சரியில்லையா?"

"லைட்டு சரியில்ல" என்றார் மாஸ்டர். தலைக்கு மேலே நான்கு குழல்விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஜன்னலில் வெயில் வேறு.

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மிச்ச இடது அடுத்த ஆர்டருக்கு ஆகும். வலதுக்குத் துணி வர நாலு நாள் ஆகும், ஆஸ்பத்திரியில நான் சொல்லிக்கிறேன்" என்றார். போகும்போது மேசையோரம் நின்று மிஷினின் கத்தியை ஒரு கணம் பார்த்தார். பிறகு மாஸ்டரின் விரல்களைப் பார்த்தார்.

அந்தப் பார்வைதான் அவரை வீடுவரைக்கும் துரத்திக்கொண்டு வந்தது. மூட்டத்தில் அட்டை கவிழாமல் போனது சரி. கை கவிழ்ந்திருந்தால்? கத்தி துணியென்றும் விரலென்றும் பார்க்காது. அன்று மாலையே பெட்டியை எடுத்துச் சட்டை அலமாரியின் அடியில் போட்டார். மைத்துனன் சொன்னது சரி, இனி இந்த எழவே வேண்டாம், நான் மாட்டினவன் இல்லை என்று தனக்கே நிரூபிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் நண்பகல்வரை பெருமையாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு கொட்டாவி தொடங்கியது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். இரண்டாம் நாள் உடம்பெல்லாம் வியர்த்தது, அதே நேரம் கையில் மயிர்க்கூச்செறிந்தது. அத்தனை வாரம் வேலைநிறுத்தத்தில் இருந்த வயிறு நிலுவையை ஒரே நாளில் முடித்துக்கொண்டது. கால்கள் ஓரிடத்தில் இருக்கமாட்டேன் என்றன. பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த வலியோ, தன் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தது. பட்டறைக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார்.

மூன்றாம் நாள் காலை மனைவி அலுவலகத்துக்குக் கிளம்பி, வாசல்வரை போய், திரும்பி வந்தாள். கைப்பையைக் கீழே வைத்தாள்.

"காய்ச்சல்னா உடம்பு சுடணும். உங்களுக்குச் சுடல. மாத்திரைப் பெட்டி அலமாரியில ஆப்சென்ட். நிறுத்திட்டீங்களா?"

அவர் சுவரைப் பார்த்தார். "எண்பதும் இடது" என்றார்.

"என்னது?"

அவர் சொன்னார். முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்: "டாக்டர்கிட்ட இதெல்லாம் சொன்னீங்களா?"

"ஒத்துக்குதுன்னு சொன்னேன்."

"எப்பவும் கஸ்டமரைப் பத்தி வந்து சொல்லுவீங்களே. வயித்தை எக்கிக்கிட்டு நிக்கிறான், மூச்சை விடவைக்கத்தான் பாடுபடணும்னு. அங்க போயி நீங்க என்ன பண்ணிட்டு வந்தீங்க?"

அவள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, தலையணைக்கடியிலிருந்த நோட்டை எடுத்துப் பையில் போட்டாள். அது அங்கே இருப்பது அவளுக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

கிளினிக்கில் இரண்டு மணிநேரம் காத்திருந்தார்கள். உள்ளே போனதும் டாக்டரம்மா வழக்கம்போல் கணினியைப் பார்த்தபடி, "எப்படி இருக்கு, ஒத்துக்குது இல்ல?" என்றார். மாஸ்டரின் வாய் பழக்கத்தில் திறந்தது. அதற்குள் மனைவி நோட்டை மேசைமேல் விரித்து வைத்தாள்.

டாக்டரம்மா பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார்.

"உயரம் ஆறே முக்கால், இடுப்பு நாலு நாள். என்னங்க இது? இடுப்பு எப்படி நாலு நாளாகும்?"

"அது வயிறு போகாத நாள், டாக்டர்" என்றார் மாஸ்டர், தரையைப் பார்த்து. "உயரம்னு இருக்கிறது வலி. கட்டம் அச்சடிச்சது, நான் மாத்திக்கிட்டேன்."

"ஆறே முக்காலா? என்கிட்ட வர்றவங்க ஆறும்பாங்க, ஏழும்பாங்க. முக்கால் இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

"ஆறுன்னா கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும், ஏழுன்னா பிடிக்கும், டாக்டர். ஆறே முக்கால்தான் சரியா இருந்துச்சு."

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது. பக்கம் பக்கமாகப் புரட்டினார். கணினித் திரையை அணைத்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வெளியே இருபது பேர் இருப்பது மாஸ்டருக்கு ஞாபகம் வந்து சங்கடமாக இருந்தது. டாக்டரம்மாவுக்கு ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை.

"இங்க பாருங்க. மாத்திரைக்கு முன்னாடி வலி எட்டே கால். சின்ன டோஸ் போட்டதும் ஆறரை. ரெண்டு மடங்காக்கினோம். அஞ்சே முக்கால். மாத்திரை ரெண்டு மடங்கு, வலி முக்கால் புள்ளிதான் இறங்கியிருக்கு. தோள்... தோள்னா மூட்டமா? அது ரெண்டரையிலிருந்து ஆறுக்குப் போயிருக்கு. இது தெரிஞ்சிருந்தா நான் ஏத்தியே இருக்கமாட்டேன்."

"சொன்னா நிறுத்திடுவீங்கன்னு..."

"நீங்க சொல்லல, சரி. நானும் ஒழுங்கா கேக்கல. 'ஒத்துக்குது இல்ல'ன்னு கேட்டா யாருதான் இல்லைம்பாங்க? பதிலை நானே கேள்வியில வச்சுக் கொடுத்துட்டேன்." அவர் நோட்டில் விரலை ஓட்டினார். "குமட்டல் பாருங்க, மூணாவது வாரம் தானா குறைஞ்சிடுச்சு. நிறைய பேருக்கு அப்படித்தான். வயிறு கட்டுறது மட்டும் தானா சரியாகாது. மாத்திரை இருக்கிறவரைக்கும் அதுவும் இருக்கும். அதுக்கு மருந்து முதல் நாளே கூடச் சேத்துக் கொடுத்திருக்கணும். என் தப்பு அது."

மனைவி கேட்டாள்: "மூணு நாளா இவர் பட்ட பாடு? என் தம்பி சொல்றான், அடிமையாயிட்டாருன்னு."

"உடம்பு பழகியிருக்கு, அவ்வளவுதான். பழகின உடம்பு திடீர்னு நிறுத்தினா முரண்டு பிடிக்கும். அடிமைங்கிறது வேற. கேடுன்னு தெரிஞ்சும் மருந்து பின்னாடியே ஓடுறது. இவர் எதிர்ப்பக்கம் ஓடியிருக்கார். ஆனா இனிமே நீங்களா நிறுத்தாதீங்க, நீங்களா ஏத்தாதீங்க. ரெண்டுமே ஆபத்து."

பிறகு அவர் மாஸ்டரை நேராகப் பார்த்தார். இந்த மருந்து எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை என்றார். நாள்பட்ட வலிக்கு இதைத் தொடங்குகிறவர்களில் நிறைய பேர் இடையிலேயே விட்டுவிடுகிறார்கள், பெரும்பாலும் இந்த மாதிரித் தொந்தரவுகளால்தான் என்றார். விட்டுவிடுவதில் கேவலம் ஒன்றுமில்லை. மறுபடி சின்ன டோஸுக்கே போகலாம், கூடவே வயிற்றுக்கு மருந்து, இடுப்புக்குப் பயிற்சி. இரண்டு மாதம் நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். போதாது என்றால் படிப்படியாக இறக்கி முழுதாக நிறுத்திவிட்டு வேறு வழி பார்ப்போம்.

"வலி பூஜ்யத்துக்கு வராதா டாக்டர்?"

"வராது. வரும்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம். எந்த எண்ல உங்களால வேலை பாக்க முடியும்?"

மாஸ்டர் யோசித்தார். அவசரப்படாமல், டேப் பிடித்து நிற்கும் முகத்தோடு யோசித்தார். "ஆறரையில நிக்கலாம். ஒரு மணிநேரம் நின்னு, கால் மணிநேரம் ஸ்டூல்ல உக்காந்தா. மூட்டம்தான் ரெண்டரைக்கு மேல போகக்கூடாது."

"ரெண்டரைன்னாலும் அது பூஜ்யமில்ல. மிஷின் கத்தி இப்போதைக்கு வேண்டாம். மாத்திரை அளவு மாத்துற நாள்ல நிச்சயமா வேண்டாம். உங்க முதலாளிகிட்ட நீங்க சொல்லிடணும்."

அவர் பயந்த வார்த்தை கடைசியில் வந்தே விட்டது. எழுதிக்கொடுத்த காகிதத்தில் அந்த வரியும் இருந்தது.

நான்கு நாள் கழித்துப் பட்டறைக்குப் போனார். வலதுக்கான துணி வந்து மேசையோரம் சாய்ந்திருந்தது. மேடத்தின் கண்ணாடித் தடுப்புக்குள் போய், உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். லைட்டு சரியில்லை என்று அன்றைக்குச் சொன்னதில் தொடங்கி, பெட்டியின் பக்கவாட்டு வரிவரைக்கும் சொன்னார். சொல்லச்சொல்ல, எத்தனையோ மாதமாகப் பிடித்துவைத்திருந்த மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போனது. சட்டைக்குள் வயிறு தன் இடத்துக்கு வந்ததை அவரே உணர்ந்தார்.

மேடம் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"எத்தனை மாசமா இந்த மாத்திரையோட கத்தி ஓட்டுனீங்க?"

"மூணரை."

"ஒரு விரல் போயிருந்தா நான் உங்க வீட்டுக்காரம்மா முகத்துல எப்படி முழிப்பேன்? கேட்டா லைட்டு சரியில்லையாம்." அவர் குரல் உயர்ந்தது. எட்டு நாளாக வராத திட்டு இப்போது மொத்தமாக வந்தது. மாஸ்டர் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டார். பாதித் திட்டில் அவருக்குச் சற்று ஆறுதலாகக்கூட இருந்தது.

"கோடு போடுவீங்களா?" என்றார் மேடம் கடைசியில், மூச்சு வாங்கியபடி.

"போடுவேன். காலையில போடுறேன். விரிச்சதும் யாராவது ஒருத்தர் வந்து மேல் அடுக்கையும் அட்டையையும் பாக்கணும். ரெண்டு பேர் பாத்த பிறகுதான் கத்தி."

"கத்தியை யார்கிட்ட கொடுக்கிறது?"

மாஸ்டர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். இந்தக் கேள்விக்கான பதிலை மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தார். யோசிக்கும்போது இருந்த அளவு எளிதாகச் சொல்லும்போது இல்லை.

"காஜாக்காகிட்ட. ஒரு மில்லிமீட்டர் பிசகாம இருபது வருஷமா காஜா போட்ட கை அது. எண்பதும் இடதுன்னு கண்டுபிடிச்ச கண்ணும் அதுதான்."

காஜாக்காவிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. பிறகு இரண்டு கையையும் புடவையில் துடைத்தார். பிறகு, "எனக்குப் பயமா இருக்கு மாஸ்டர்" என்றார்.

"பயம் இருக்கட்டும். பயம் போச்சுன்னா சொல்லு, மிஷினை வாங்கி வச்சுக்கிறேன்."

மாஸ்டர் துணியை முகம் மேலே பார்க்க விரித்தார். நாற்பது அடுக்கு. நடுவில் இரண்டுமுறை ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்காரும்போது யாரும் பார்க்கிறார்களா என்று பார்க்கவில்லை. இடது அட்டையைக் கவிழ்த்து வைத்தார், கோடு போட்டார். கணுக்காலில் வீணைச்சத்தம் தொடங்கியிருந்தது, பொறுக்கக்கூடிய சுதியில்.

காஜாக்கா வந்து மேல் அடுக்கின் மூலையைத் தூக்கிப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். "முகம் மேல. அட்டை கவிழ்ந்திருக்கு. வலது. போதுமா?"

"இன்னொரு தடவை சொல்லு."

"வலது மாஸ்டர், வலது! எழுதித் தரவா?"

இரும்பு வலைக் கையுறையை அவர் கையில் மாட்டிவிட்டு, மாஸ்டர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். மிஷின் இரைந்தது. முப்பத்தொரு வருடத்தில் அந்த இரைச்சலைத் தன் கை அதிராமல் கேட்பது இதுதான் முதல்முறை. சும்மா இருந்த கைக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. கழுத்தில் தொங்கிய டேப்பின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டது.

கத்தி கோட்டில் போனது. அக்குள் வளைவில் வந்ததும் தயங்கியது.

"நிக்காத. வளைவுல நின்னா வெட்டுல பல்லு பல்லா விழும். மேசையைத் தள்ளுற மாதிரி தள்ளு."

"தள்ளுறேன்ல! நீங்க கத்தாம இருந்தா தள்ளுவேன்."

வளைவு முடிந்தது. ஒரு நூல் அளவுக்குக் கோட்டைவிட்டு வெளியே போயிருந்தது. மாஸ்டர் குனிந்து பார்த்தார். குனிந்ததற்குக் கால் தனியாக ஒரு சுண்டு சுண்டியது.

"எப்படி மாஸ்டர்?" என்றார் காஜாக்கா. பாதி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வாய்க்குப் பழகிய பதில் ஒன்று நாக்கின் நுனிவரை வந்தது.

"ஒரு நூல் வெளிய போயிருக்கு" என்றார். "அடுத்த வளைவுல உள்ள வா."

காஜாக்கா மூச்சை விட்டார். மிஷினை மறுபடி நகர்த்தினார்.

அன்று வீட்டில் நோட்டை எடுத்தார் மாஸ்டர். உயரம் ஆறே கால். தோள் இரண்டு. இடுப்பு ஒரு நாள். கை கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அரிப்பு இல்லை, பூஜ்யம் என்று எழுதவேண்டியதுதான். அன்று கத்தியைத் தொடாத அந்தக் கையைக் கொஞ்சநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதல?" என்றாள் மனைவி, எதிரில் துணி மடித்துக்கொண்டே.

"இதுக்கு இன்னும் அளவு தெரியல" என்றார். "நாளைக்குப் பாத்து எழுதுறேன்."